கரியலில் போனவர்கள்

பியெத்ராமுதா என்ற அந்த இத்தாலிய மலையூரில் இறந்தவர்கள் ஊரைவிட்டுப் போகத் தொடங்கியது ஈஸ்டர் கழிந்த திங்கட்கிழமை காலையில், மழை விட்டு, கோட்டை வாசலின் கல் இன்னும் காயாமல், சுற்றுலாக்காரர்களின் முதல் சைக்கிள் கூட்டம் ரோமன் காலத்துப் பாலத்தைத் தாண்டி ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு வந்த நேரத்தில். முதலில் போனவர் இறைச்சிக் கடை எர்மெத்தே, செத்து அடக்கம் செய்து எத்தனையோ காலமாகியும் தொப்பியைக் கழற்றாமல், ஒரு ஒல்லாந்துக்காரனின் சைக்கிளில், சீட்டுக்குப் பின்னால் சாமான் கட்டுகிற கரியலில் இரண்டு பக்கமும் காலைப் போட்டுக்கொண்டு, சந்தைக்குப் போகிற மனிதரைப் போல நிதானமாகப் போனார்.

சதுக்கத்தில் கோப்பிக்கடை வைத்திருந்த அவருடைய மகள் ஒர்னெல்லா வெளி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தவள், துணியைப் போட்டுவிட்டு நடுத்தெருவுக்கு ஓடிவந்து கத்தினாள்.

"அப்பா! எங்க போறியள்?"

எர்மெத்தே திரும்பிப் பார்க்கவில்லை. ஒல்லாந்துக்காரன்தான், தன்னை உற்சாகப்படுத்தத்தான் அவள் கத்துகிறாள் என்று நினைத்து, கையை உயர்த்திக் காட்டிவிட்டு, முகம் கன்றிச் சிவக்க, முன்னைவிடப் பாரமாகப் பெடலை உழக்கிக்கொண்டு மலைப்பக்கம் வளைந்து மறைந்தான். ஒர்னெல்லா கத்தியது மலைப்பக்கத்து இத்தாலியத்தில். ஆனால் இந்தக் கதையை நாம் யோகமலரின் பக்கத்தில் நின்று கேட்கிறோம், யோகமலரின் காதுக்குள் போகிற எந்தப் பேச்சும் யாழ்ப்பாணத் தமிழாகித்தான் போகும், அதனால் இங்கே எல்லோரும் அப்படியே பேசட்டும்.

யோகமலர் அந்த நேரம் எதிர்வீட்டு மேல்மாடி ஜன்னலோரம் இருந்து அத்திலியோ ஐயாவுக்குப் பாலில் ஊறவைத்த பாண் ரொட்டியைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தாள்; பெல்ஜியத்துச் சுரங்கத்தில் நுரையீரலைக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பிய அந்தக் கிழவரைப் பார்ப்பதுதான் அவளுடைய வேலை, குளிப்பாட்டுவது, ஊட்டுவது, திட்டு வாங்குவது. எர்மெத்தே போவதை அவளும் பார்த்தாள், அத்திலியோவும் பார்த்தார். கிழவர் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு, "நல்ல சைக்கிள்," என்றார். யோகமலருக்கு ஆச்சரியம் வரவில்லை, பயமும் வரவில்லை. வந்தது ஒரேயொரு நினைப்பு: அப்படியென்றால் அவரையும் கொண்டுபோகலாம்.

அவர் என்றால் குலேந்திரன், அவளுடைய புருஷன், அந்த ஊர்ச் சவக்காலையில் மதில் போல அடுக்கி எழுப்பிய கல்லறை அறைகளில் மேல் வரிசையில் இருந்தார். கலியாணம் முடிந்த கையோடு அவளை யாழ்ப்பாணத்து ஊரில் விட்டுவிட்டு இத்தாலிக்கு வந்து, சுற்றுலாக்காரர் தங்குவதற்காகப் பழைய கல்வீடுகளுக்கெல்லாம் கூரை திருத்துகிற வேலையில் சேர்ந்து, தொலைபேசியில் ஒவ்வொரு தரமும் "அடுத்த வருசம் ஊருக்கு வந்திடுவன் மலர்" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அவர் போகாமல் அவளே வந்து சேர்ந்த பிறகும் "இன்னும் கொஞ்சக் காலம், பிறகு ரெண்டு பேருமா ஊருக்குப் போவம்" என்று அதே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தவர், ஒரு இலையுதிர்காலத்தில் கோபுர வீட்டின் நனைந்த கல்லோட்டில் கால் வழுக்கி விழுந்து செத்தார். எரிப்பதென்றால் தூர நகரத்துக்குக் கொண்டுபோக வேண்டும், கொண்டுபோக ஆளில்லை. உயரத்திலிருந்து விழுந்தவரை உயரத்திலேயே வைத்துப் பூசிவிட்டார்கள், ஒரு பூ வைப்பதென்றாலும் யோகமலர் சில்லுப் பூட்டிய ஏணியைத் தள்ளிக்கொண்டு வந்து ஏற வேண்டும். பிள்ளைகள் இல்லை, பிரிந்திருந்த காலம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. கனடாவிலிருந்து தமையன் வா வா என்று கூப்பிட்டான். ஊரிலிருந்து குலேந்திரனின் தங்கை கெங்காதேவி, விட்டுவிட்டு வாங்கோ என்றாள். "அவர் இஞ்ச இருக்கேக்க நான் எப்பிடி வாறது?" என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டு, அந்தக் குளிரில், அந்த அறைக்காக, யோகமலர் அங்கேயே கிடந்தாள். அவரை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பேன் என்று அவள் ஏணி உச்சியில் நின்று சத்தியம் செய்திருந்தாள். எப்படி என்றுதான் அதுவரை தெரியாமல் இருந்தது.

எர்மெத்தே போன அந்தக் கிழமைக்குள்ளேயே ஊருக்கு இந்த விஷயத்தின் ஒழுங்குமுறை பிடிபட்டுவிட்டது. போக விரும்புகிற இறந்தவர்கள் விடிந்ததும் சவக்காலை மதிலில் ஏறி, தெருப்பக்கம் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்கிற சனம் மாதிரி பள்ளத்தாக்கையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சொந்தக்காரர் வந்து கூப்பிட்டால் காதில் விழாது, முன்னால் போய் நின்றால் அந்த ஆளை ஊடுருவி அப்பால் பார்ப்பார்கள். உடம்போடு ஒட்டின உடுப்பும் காற்றுக்கு வளைந்த தலைக்கவசமுமாய்ப் பறக்கிற பந்தயச் சைக்கிள்களில் கரியல் கிடையாது, அதனால் அவை மதிலில் இருப்பவர்களிடம் மதிப்பிழந்தன. பை கட்டி, கூடாரம் கட்டி, மூன்று பள்ளத்தாக்கையும் அவற்றின் பழைய கோட்டை, கோயில்களையும் ஆறுதலாகப் பார்த்துப் போகிற சைக்கிள்களுக்குத்தான் கிராக்கி; மின்சாரத்தில் ஓடுகிற சைக்கிள் ஒன்று வந்தால் செத்த கிழவிகள் இடித்துத் தள்ளிக்கொண்டு இறங்குவார்கள். ஓட்டுகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது, பின்னால் திடீரென்று ஒரு பாரம் மட்டும் தெரியும். அவர்கள் அதை மலையின் பாரம் என்று நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்து உழக்குவார்கள்.

வேதாகமத்தில் சைக்கிளைப் பற்றி ஒன்றும் சொல்லப்படவில்லை என்று பாதிரியார் முதல் ஞாயிறு பிரசங்கத்தில் நழுவினார், அடுத்த ஞாயிறு சுற்றுலாக் கம்பனிக்காரர் கேட்டதற்கிணங்கப் பாலத்தடியில் நின்று சைக்கிள்களுக்குத் தீர்த்தம் தெளித்தார். ஊர்த்தலைவர் ஆள் கெட்டிக்காரர். மற்றப் பள்ளத்தாக்குக் கணவாய்களெல்லாம் இதைவிட உயரம், ஆனால் இதுதான் பாரம் என்று ஓட்டுகிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதைக் கேட்டு, 'உலகத்திலேயே பாரமான ஏற்றம்' என்று பெரிய பலகை அடித்து நட்டார். அதைப் படித்து வீம்புக்கு உழக்குகிறவர்கள் உலகம் முழுவதுமிருந்து வந்து குவிந்தார்கள், வரவர கரியல்கள் கூடின, கரியல்கள் கூடக்கூட மதில் காலியாகிக்கொண்டு வந்தது. ஒர்னெல்லாவின் கடையில் இருக்க இடமில்லை. தகப்பன் போன துக்கத்துக்குக் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டே அவள் புதிதாக ஒரு கோப்பி மெஷின் வாங்கினாள்.

ஆனால் பணம் வந்த அளவுக்கு ஊரில் விஷமும் வந்தது. அந்த ஊர் ஒரு காலத்தில் பாதி சுரங்கத்துக்கும் பாதி தூர நகரத்துத் தொழிற்சாலைகளுக்கும் போய்க் காலியான ஊர், மிச்சம் இருந்தவர்கள் போனவர்களை வாழ்நாளெல்லாம் திட்டித் தீர்த்தவர்கள், மண்ணை விட்டுப் போனவன் மனிதனா என்று கேட்டுக் கேட்டே கிழடு தட்டிச் செத்தவர்கள். இப்போது பார்த்தால் அவர்கள்தான் முதலாவது சைக்கிளுக்கு முண்டியடிக்கிறார்கள். யாருடைய வீட்டு ஆள் போகிறாரோ அந்த வீட்டுக்கு அவமானம். மருமகள் ஒழுங்காகக் கஞ்சி ஊற்றியிருந்தால் மாமி போவாளா என்று தெருவில் கேட்டார்கள். இன்னும் போகாத இறந்தவர்களைக் கொண்ட குடும்பங்கள் கோயிலில் முன்வரிசைக்கு வந்தன. "எங்கட அம்மா இன்னும் இஞ்சதான் இருக்கிறா" என்று கழுத்தை நிமிர்த்திச் சொன்னவள் மறுநாள் காலை அம்மா ஒரு சுவிஸ்காரனின் கரியலில் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு ஏறுவதைப் பார்த்து வாசல் கதவைச் சாத்திக்கொண்டாள். கடைசியில் ஊர்கூடி, பழைய கற்களில் கீறல் விழுகிறது என்று ஒரு சாக்குச் சொல்லி, கோட்டை வாசலுக்குள் கரியலோடு சைக்கிள் வரக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். இறந்தவர்கள் மதிலிலிருந்து எழும்பி, வாசலுக்கு வெளியே போய் வரிசையாக நின்றார்கள். ஊரார் சட்டத்தைக் கிழித்துப் போட்டார்கள், இறந்தவர்களும் மதிலுக்குத் திரும்பி வந்தார்கள்.

அத்திலியோவின் செத்துப்போன மனைவி ஈர்மா போனது வைகாசியில், பருத்த கெண்டைக்கால்களுள்ள ஒரு டென்மார்க்காரனின் பின்னால். கிழவர் தன்னை நாற்காலியோடு ஜன்னலுக்குத் தள்ளச் சொல்லிப் பார்த்தார், ஆனால் சைக்கிள் அதற்குள் மலைப்பக்கம் ஏறிவிட்டது, கண் பார்வை அவ்வளவு தூரத்துக்குப் போகவில்லை.

"திரும்பிப் பாத்தவளோ?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா."

"அதுதானே. உயிரோட இருக்கேக்க நான் அவளை எங்க கூட்டிக்கொண்டு போனனான், இப்ப என்னைத் திரும்பிப் பாக்கிறதுக்கு." கொஞ்ச நேரம் இருமிவிட்டு, "கீழ் அறையில அவளின்ர சைக்கிள் நிக்குது. வாங்கிக் குடுத்தனான், ஓட விடேல்லை. நீ எடு பிள்ளை," என்றார்.

குலேந்திரன் அதற்கு முன்பே மதிலுக்கு வந்துவிட்டிருந்தார். விழுந்த அன்று போட்டிருந்த வேலைச் சட்டை, காதுக்குப் பின்னால் தச்சுப் பென்சில், தலையின் இடப்பக்கம் மட்டும் கொஞ்சம் சப்பை. யோகமலர் அவரைக் கண்டதும் சந்தோஷத்தில் அழுதாள். அவர் மதிலுக்கு வந்ததே தன்னோடு ஊருக்குப் போகத்தான் என்று அவளுக்குத் தோன்றியது, வேறு எதற்கு அவர் வரப்போகிறார், வாய் திறந்தால் ஊர் ஊர் என்று சொன்ன மனுஷன்.

அவரைக் கண்ட அன்று பின்னேரமே கெங்காதேவிக்கு அழைத்துச் சொன்னாள். கெங்காதேவி இதில் எதற்கும் ஆச்சரியப்படவில்லை. போர் முடிவில் ஆட்களை ராணுவத்திடம் கையளித்துவிட்டு இன்னமும் அவர்களுடைய படத்தைப் பிடித்துக்கொண்டு தெருவோரம் இருக்கிற சனத்தின் ஊர் அது, போனவர்கள் வரமாட்டார்கள் என்று அங்கே எவரும் வாய் விட்டுச் சொல்லத் துணிவதில்லை.

"நீங்கள்தான் ஏத்திக்கொண்டு வரோணும் மச்சாள்," என்றாள் கெங்காதேவி. "வெள்ளைக்காரரை நம்பி விட்டிடாதேங்கோ, அதுகள் பாதி வழியில எங்கயும் இறக்கிப்போட்டுப் போயிடுங்கள். அண்ணைக்கெண்டு கட்டின அறை பூட்டித்தான் கிடக்குது. நாளைக்கே வெள்ளை அடிப்பிக்கிறன்."

யோகமலர் ஈர்மாவின் சைக்கிளைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, கரியலில் குலேந்திரனின் தலையணையை மடித்துக் கட்டினாள். சைக்கிள் அவளுக்குப் புதிதில்லை. யுத்தத்துக்குப் பயந்து வலிகாமம் முழுக்க ஒரே ராத்திரியில் வீடு வாசலை விட்டு எழும்பி நடந்தபோது, சைக்கிள் பாரில் அரிசி மூட்டையும் கரியலில் தாயுமாக, மழைக்குள் சனத்துக்குள் சனமாக நாவற்குழிப் பாலத்தைத் தாண்டியவள் அவள். அங்கே உயிருக்குப் பயந்து உழக்கியதை இங்கே இவர்கள் பொழுதுபோக்குக்கு உழக்குகிறார்கள் என்று அவள் அடிக்கடி மனம் கசந்திருக்கிறாள், இப்போது அந்தக் கசப்புக்கும் நேரமில்லை. திட்டம் எளிமையானது: அவரை ஏற்றிக்கொண்டு கணவாயைத் தாண்டுவது, அந்தப் பக்கப் பட்டணத்தில் ரயில் எடுப்பது, பிறகு விமானம்; இறந்தவர்களுக்கு ரிக்கெற் வேண்டாம். சூட்கேஸைக் கட்டிவைத்தாள், அத்திலியோவைப் பார்க்க ஒர்னெல்லாவிடம் சொல்லிவைத்தாள். பிறகு அவருக்குப் பிடித்த மாம்பழக் கலர் சேலையை உடுத்துக்கொண்டு மதிலடிக்கு வந்து, ஒரு காலை ஊன்றி நின்றாள்.

"இஞ்சேருங்கோ, ஏறுங்கோ."

குலேந்திரன் அவளை ஊடுருவிப் பள்ளத்தாக்கைப் பார்த்தார்.

மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். தலையணை போதாதாக்கும் என்று கம்பளியும் மடித்துப் போட்டாள். மதிலில் பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக ஏறிப் போக, குலேந்திரன் இடம் மாறாமல் இருந்தார். எதிரே கடை வாசலில் நின்ற ஒர்னெல்லா பொறுக்கமாட்டாமல் வந்து சொன்னாள்.

"யோகா, தெரிஞ்ச ஆக்களின்ர சைக்கிள்ல அவையள் ஏறமாட்டினம். நான் என்ர தம்பியை விட்டு எங்கட அம்மாவை ஏத்திப் பாத்தனான். சரிவரேல்லை."

"உங்கட அம்மா ஏறாமல் விட்டிருப்பா. என்ர மனிசன் அப்பிடியில்லை," என்றாள் யோகமலர், கொஞ்சம் சுடவே சொன்னாள்.

தனக்குக் காரணம் தெரிந்துவிட்டது என்று யோகமலர் நினைத்தாள். அவள் வளர்ந்த ஊரில் புருஷன் உழக்குவான், பெண்சாதி பாரிலோ கரியலிலோ இருப்பாள். நல்லூர்த் திருவிழாவுக்கு அவளையும் அப்படித்தான் குலேந்திரன் பாரில் வைத்து, எதிர்க்காற்றில் கூடப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு ஏற்றிப்போனார். பெண்சாதி சேலையோடு உழக்க, பின்னால் குந்திக்கொண்டு ஒரு ஆம்பிளை பெருந்தெருவில் போனால் சந்தையில் சாகும்வரை அதைச் சொல்லியே சிரிப்பார்கள். பாவம், செத்த பிறகும் மனுஷனுக்கு அந்த வெட்கம் விடவில்லை. இதை நினைத்தபோது யோகமலருக்குக் கோபம் போய் அவர்மேல் ஒரு இரக்கமே வந்தது, இவ்வளவுதானா, இதை முதலே யோசித்திருக்கலாமே என்று தன்னையே கடிந்துகொண்டாள். அலுமாரியைத் திறந்து அவருடைய காற்சட்டையை எடுத்துப் போட்டு, நீளத்தை மடித்துவிட்டு, அவருடைய கோட்டை மாட்டி, கொண்டையை அத்திலியோவின் தொப்பிக்குள் செருகிக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்தாள், தூரத்தில் பார்க்கிறவனுக்கு ஒரு சின்ன ஆம்பிளைதான்.

"இப்ப ஆர் உங்களைப் பழிக்கிறது?" என்று மதிலடியில் நின்று மெதுவாகக் கேட்டாள். "ஏறுங்கோ. கெங்கா அறைக்கு வெள்ளை அடிச்சுப்போட்டுப் பாத்துக்கொண்டிருக்கிறாள்."

குலேந்திரன் அசையவில்லை. அப்போதுதான் பாலத்துப் பக்கமிருந்து ஒரு ஜெர்மன்காரப் பெண் தனியாக வந்தாள், முகம் முழுக்க மச்சப் புள்ளிகள், வெயிலில் சிவந்த கழுத்து, கூட்டாளிகளைத் தவறவிட்டவளோ விட்டுவிட்டு வந்தவளோ தெரியாது, சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டுச் சவக்காலைக் குழாயில் போத்தலை நிரப்பப் போனாள். குலேந்திரன் மதிலிலிருந்து குதித்தார். எப்போதும் செய்கிறதுபோலப் பின் டயரைப் பெருவிரலால் அமுக்கிக் காற்றுப் பார்த்தார், கரியலை ஒரு தரம் ஆட்டிப் பார்த்தார், அந்தப் பெண் வந்து ஏறி இரண்டு உழக்கு உழக்கியதும் கூடவே நாலெட்டு ஓடி, பள்ளிக்கூடப் பெடியன் மாதிரி எட்டித் தாவி ஏறிக்கொண்டார்.

வெட்கமில்லை. ஒரு பெண்ணின் பின்னால் இருக்கிறதில் அந்த மனுஷனுக்கு வெட்கமே இல்லை. யோகமலருக்குக் கன்னத்தில் அறை வாங்கினது போல இருந்தது. பக்கத்தில் ஒர்னெல்லா "விடு யோகா, போகாத" என்று கையைப் பிடித்தாள், அந்தக் கையை உதறிவிட்டு, புருஷனின் காற்சட்டையோடு, காலியான கரியலில் கட்டிய தலையணையும் கம்பளியுமாக, அவள் அந்த இருவருக்கும் பின்னால் உலகத்திலேயே பாரமான ஏற்றத்தில் உழக்கத் தொடங்கினாள்.

அவளுக்கு அது பாரமாக இருக்கவில்லை என்பதுதான் கொடுமை. பின்னால் ஒருவரும் இல்லாத சைக்கிளுக்கு அது வெறும் மலைதான். கஷ்டப்பட்டது முன்னால் போனவள். எழும்பி நின்று உழக்கினாள், வளைவுக்கு வளைவு நின்று இடுப்பைப் பிடித்தாள், அவளுடைய முதுகுக்குப் பின்னால் குலேந்திரன் சாலையோரக் காட்டுப்பூவையும், பாறையிலிருந்து வழிகிற தண்ணீரையும், கீழே குட்டியாகிக்கொண்டு போகிற கோட்டையையும், தான் ஓடு போட்ட கூரைகளையும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு போனார். இவ்வளவு காலம் இதே மலையில் வேலை செய்து இதையெல்லாம் பார்க்காத மனுஷன். யோகமலரும் பார்த்ததில்லை. பைன் மரங்கள் முடிந்து புல்வெளி தொடங்கி, அதுவும் முடிந்து வெறும் கல்லும் காற்றும் ஆன இடத்தில் கணவாய் வந்தது, அங்கே ஊரெல்லை முடிகிறதென்று ஒரு பலகை நின்றது. ஊர்க்காரர் ஒருவரும் அதுவரை அங்கே வந்து பார்த்ததில்லை. தங்கள் ஆட்கள் எங்கே போகிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு மனமில்லை.

ஜெர்மன்காரி சைக்கிளை நிறுத்திவிட்டுப் புல்லில் மல்லாந்து விழுந்தாள். பலகைக்கு அந்தப் பக்கம், கரியலில் இருந்தபடியே, குலேந்திரன் திரும்பி யோகமலரைப் பார்த்தார். ஊடுருவாமல், அவளையே பார்த்தார்.

"வந்திட்டீரோ. மூச்சு வாங்குது, கொஞ்சம் இரும்," என்றார், உயிரோடு இருந்த காலத்துக் குரலில்.

யோகமலர் இருக்கவில்லை. "ஏன் என்ர சைக்கிள்ல ஏறேல்லை?"

"உம்மட சைக்கிள் ஊருக்கெல்லோ போகுது."

"ஊருக்குப் போறதெண்டுதானே நீங்கள் சொல்லிச் சொல்லி..."

"சொன்னனான். சொல்லாட்டி நீர் இந்தக் குளிருக்குள்ள இருந்திருப்பீரோ? அம்மா, கெங்கா, எல்லாரும் அதைத்தானே கேட்டவை, எப்ப வாறாய் எப்ப வாறாய் எண்டு." அவர் காதுப் பென்சிலை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் செருகினார். அவருடைய முகத்தில் கோபமோ குற்றமோ இல்லை, வெகுநாள் சுமந்ததை இறக்கி வைக்கிற களைப்புத்தான் இருந்தது. "எனக்கு ஊருக்குப் போக விருப்பமில்லை மலர். ஒருநாளும் இருக்கேல்லை. கூரையில நிண்டு அடுத்த மலையைப் பாப்பன், அங்கால என்ன இருக்குதெண்டு பாக்க ஆசையா இருக்கும். அதை ஆரிட்டச் சொல்லுறது?"

"என்னட்டச் சொல்லியிருக்கலாம்."

"உம்மட்டச் சொல்லியிருக்கலாம்," என்று ஒத்துக்கொண்டார்.

காற்று அவளுடைய தொப்பியைத் தூக்கிக்கொண்டு போனது, கொண்டை அவிழ்ந்து விழுந்தது. "அப்ப இனி எங்க போறியள்?" என்று கேட்டாள்.

"இவள் எங்க போறாளோ அங்க. கீழ ஒரு ஏரி இருக்காம். அதுக்குப் பிறகு இன்னொரு மலை. அதுக்குப் பிறகு தெரியாது." தெரியாது என்பதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்ததை அவள் பார்த்தாள், அத்தனை வருட வாழ்க்கையில் அந்த மலர்ச்சியை அவள் கண்டதில்லை, அதுதான் அவளை உள்ளுக்குள் வெட்டியது, அவர் போவதைவிடவும் அதுதான்.

"அப்ப நான்? உங்களுக்காண்டி இஞ்ச கிடந்த நான்?"

குலேந்திரன் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "அந்தக் காற்சட்டை உமக்கு வடிவா இருக்குது," என்றார்.

ஜெர்மன்காரி எழும்பி வந்தாள். தன்னைப் போலவே ஒரு பெண் தனியாக ஏறி வந்திருக்கிறாளே என்று சிரித்து, "இவ்வளவு பாரமான ஏத்தத்தை நான் எங்கயும் காணேல்லை, உங்களுக்கும் அப்பிடியோ?" என்று கேட்டு, கையிலிருந்த சொக்லேற்றில் பாதியை முறித்து நீட்டினாள். யோகமலர் அதை வாங்கித் தின்றாள். இறக்கம் தொடங்கியது, குலேந்திரன் சீட்டின் அடியைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலையும் அகல விரித்துத் தூக்கினார், அவருடைய சட்டை காற்றில் ஊதியது, ஒரு வளைவில் தெரிந்தார், இன்னொரு வளைவில் தெரிந்தார், பிறகு தெரியவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை என்பதை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

ஊர் கோட்டை வாசலில் கூடி நின்றது. பாதிரியாரும் ஊர்த்தலைவரும் ஒர்னெல்லாவும் கதவைச் சாத்திக்கொண்டவளும், மலைக்குப் போய்த் திரும்பிய முதல் உயிருள்ள ஆளைச் சுற்றிக்கொண்டார்கள்.

"எங்க போகினம்? கண்டனியோ? எங்கட அப்பா எங்கயாம்?"

யோகமலர் அவர்களுடைய முகங்களைப் பார்த்தாள். எல்லாம் அவளுடைய முகம் மாதிரியே இருந்தன.

"எல்லாரும் வீட்டதான் போகினம்," என்றாள்.

"வீடு இதெல்லோ?" என்றாள் ஒர்னெல்லா.

யோகமலர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்க் கீழ் அறையில் விட்டாள், கட்டியிருந்த சூட்கேஸை அவிழ்த்தாள், மாடிக்கு ஏறி அத்திலியோவுக்குச் சூப் சூடாக்கினாள். போவதற்கு இனித் தடையில்லை, இருப்பதற்கும் காரணமில்லை. ஆனால் கிழவருக்குப் பசி, அந்த வீட்டில் நிச்சயமாகத் தெரிந்த விஷயம் அது ஒன்றுதான். அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். கரண்டியை நீட்டியதும் வாயைத் திறந்தார்.

கெங்காதேவி பின்னேரம் அழைத்தாள். "என்னவாம் மச்சாள், ஏறிட்டாரோ?"

யோகமலர் வாயைத் திறந்தபோது உண்மைதான் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் தொலைபேசியில் வாசலில் விளக்குமாறு உரசுகிற சத்தமும், அண்ணை வரப்போறார் எண்டு கெங்காதேவி பக்கத்து வீட்டுக்குச் சொன்ன மகிழ்ச்சியும் கேட்டன. குலேந்திரன் அத்தனை வருடம் எந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு எந்தப் பொய்யைச் சொன்னார் என்பது அவளுக்கு அப்போது விளங்கியது, விளங்கினதில் மன்னிப்பு ஒன்றும் இருக்கவில்லை.

"ஓம், ஏறிட்டார்," என்றாள். "ஊருக்குத்தான் வெளிக்கிட்டிருக்கிறார்."

அதிலிருந்து கெங்காதேவி கிழமைக்கு ஒருமுறை அழைக்கிறாள். அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று, கட்டிலுக்குப் புது விரிப்பு, வெள்ளிக்கிழமைகளில் இலையில் ஒரு பங்கு சோறு தனியாக மூடி வைத்திருக்கிறது, வாசல் படலை பூட்டுவதில்லை. மழைக்காலம் வந்து போனது. மலையில் பனி விழுந்து சைக்கிள்கள் நின்று, மறுபடி ஈஸ்டருக்கு வரத் தொடங்கின; மதிலில் இப்போது ஒருவரும் இல்லை, பலகை மட்டும் நிற்கிறது, ஏறுகிறவர்கள் இந்த ஏற்றம் சும்மா லேசாக இருக்கிறதே, ஏமாற்றுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள்.

"இன்னும் காணேல்லையே மச்சாள்," என்கிறாள் கெங்காதேவி. "இவ்வளவு நாளாகுமோ?"

யோகமலர் ஒரு கையால் அத்திலியோவின் வாயைத் துடைத்துக்கொண்டு, மறுகையால் தொலைபேசியைக் காதோடு அணைத்துக்கொண்டு, குலேந்திரனின் அதே பொறுமையான குரலில் சொல்கிறாள்:

"தூரமெல்லோ மச்சாள். சைக்கிள்லதானே வாறார்."